சும்மா கொழுப்புக் கட்டிதான்

எந்த ஊர் என்று கேட்டால் திருவண்ணாமலை என்பேன். உடனே "கிரிவலம் எல்லாம் போவீங்களா?" என்பார்கள். அய்யா, அது வேற திருவண்ணாமலை. எங்களுடையது ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் இருக்கிற சின்ன ஊர். சின்ன மலை, மேலே சீனிவாசப் பெருமாள். தென்திருப்பதி என்று சொல்வார்கள். புரட்டாசி சனிக்கிழமை வந்துவிட்டால் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் கூட்டம் மொத்தமும் இங்கேதான். மற்ற நாட்களில் ஆடு மாடும் நாங்களும் :-)

நான் படிப்பது பி.காம் மூன்றாம் வருஷம். உயிரியலைப் பத்தாம் வகுப்போடு தலைமுழுகியவள். அப்படிப்பட்டவள் கொழுப்பு செல், எதிர்ப்பு செல், புற்றுநோய் என்று எழுதக் கிளம்பியதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2023 ஆடி மாதம். அப்போதுதான் காலேஜில் சேர்ந்திருந்தேன். ஒரு நாள் சாயங்காலம் பெரியம்மா என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, "பாப்பா, இத கொஞ்சம் தொட்டுப் பாரு தாயி" என்றார். இடது மார்பில், மேல் பக்கம், ஒரு கட்டி. புளியங்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரிசு.

"வலிக்குதா பெரியம்மா?"

"இல்ல தாயி. வலியே இல்ல."

போனை எடுத்துத் தேடினேன். "வலியில்லாத கட்டி" என்று போட்டதும் வரிசையாக வந்தது, கொழுப்புக் கட்டி, ஆபத்தில்லாதது, பயப்பட வேண்டாம் என்று. அதை அப்படியே படித்துக் காட்டினேன். "சும்மா கொழுப்புக் கட்டிதான் பெரியம்மா. விடுங்க."

பெரியம்மா முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. வீட்டில் படித்த பிள்ளை சொல்லிவிட்டதே! அதற்கப்புறம் ஆறு மாதம் அதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை.

அடுத்த தை மாதம், ரத்த அழுத்தம் பார்க்கத் தெருவுக்கு வந்த சுகாதாரச் செவிலியரிடம், வேறு ஏதோ பேச்சு வாக்கில் சொல்லியிருக்கிறார். அந்த அக்கா வீட்டுக்குள் கூட்டிப்போய்ப் பார்த்தார். கட்டி மேலே தோல் கமலா ஆரஞ்சுத் தோல் மாதிரி குழிகுழியாக இருந்திருக்கிறது. வெளியே வந்து எங்கம்மாவிடம் சொன்னது ஒரே வரி. "நாளைக்கே மதுரைக்குக் கிளம்புங்க."

மாசியில் ஆபரேஷன். அக்குளில் இரண்டு நெறிகளிலும் பரவியிருந்தது. பிறகு கீமோ, பிறகு கதிர்வீச்சு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்ததால் காசுக்கு அலையவில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் அலைந்தோம். பெரியம்மா பிழைத்துக்கொண்டார், இன்றைக்கும் நன்றாகத்தான் இருக்கிறார். ஆனால் அந்த ஆறு மாதம் என் கணக்கில் இருக்கிறது. எந்தப் பக்கம் எழுதினாலும் டேலி ஆகாத கணக்கு அது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஆபரேஷன் முடிந்து வந்த பரிசோதனை அறிக்கையை அகராதி வைத்துக்கொண்டு படித்தேன். இரண்டு வரியில் நின்றுவிட்டேன். ஒன்று, கட்டி பக்கத்தில் இருக்கும் கொழுப்புக்குள் ஊடுருவியிருக்கிறது. இன்னொன்று, கட்டியைச் சுற்றி லிம்போசைட்டுகள், அதாவது நோய் எதிர்ப்பு செல்கள், மிதமான அளவில் இருக்கின்றன. எதிர்ப்பு செல்கள் அங்கேயே நின்றிருக்கின்றன. அப்புறம் எப்படிக் கட்டி வளர்ந்தது? காவல்காரர் வாசலில் நிற்கும்போதே எப்படித் திருடு போனது?

அதோடு பெரியம்மா கேட்ட ஒரு கேள்வி. கதிர்வீச்சு முடிந்ததும் லெட்ரோசோல் என்று ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். 2.5 மில்லிகிராம், தினம் ஒன்று, வருஷக்கணக்கில் சாப்பிட வேண்டும். மாதாமாதம் ராஜபாளையத்தில் வாங்கி வருவது என் வேலை. "இது பொம்பள ஹார்மோனக் குறைக்கிற மாத்திரைன்னு டாக்டர் சொன்னாரு. எனக்குத்தான் தீட்டு நின்னு ஏழு வருசமாச்சே. இல்லாத ஹார்மோன எதுக்குக் குறைக்கணும்?" என்றார். அவருக்கு வயது 56. நியாயமான கேள்விதானே? அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் கொழுப்புக்குள் போய் விழுந்தேன்.

கொழுப்பு என்றால் குடோன் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். மிச்சமானதைப் போட்டு வைக்கிற இடம், டெட் ஸ்டாக். அறிவியலும் ரொம்ப நாள் கிட்டத்தட்ட அப்படித்தான் நினைத்திருக்கிறது. 1994-இல் நியூயார்க்கில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் என்பவரின் குழு லெப்டின் என்ற ஹார்மோனின் மரபணுவைக் கண்டுபிடித்தது. அந்த ஹார்மோனைச் செய்து அனுப்புவது கொழுப்பு செல். "இருப்பு போதும், பசியைக் குறை" என்று மூளைக்குத் தகவல் சொல்வது அதுதான். ஆக, குடோன் என்று நினைத்த இடத்தில் ஒரு ஆபீஸே நடந்துகொண்டிருக்கிறது!

அந்த ஆபீஸின் இன்னொரு வேலைதான் பெரியம்மா கேள்விக்கு விடை. கொழுப்புத் திசுவில் அரோமட்டேஸ் என்று ஒரு நொதி இருக்கிறது. உடம்பில் உள்ள ஆண் ஹார்மோன்களை (பெண்களுக்கும் அது கொஞ்சம் உண்டு) ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனாக மாற்றுவது அதன் வேலை. மாதவிடாய் நின்றதும் சினைப்பை கடையை மூடிவிடுகிறது. அதற்குப் பிறகு ஈஸ்ட்ரோஜன் பெரும்பாலும் வருவது கொழுப்பில் இருந்துதான். மார்பில் பால் நாளங்களைச் சுற்றி இருப்பது பெரும்பாலும் கொழுப்பு. அந்த நாளத்தில் ஒரு புற்றுச் செல் பிறந்தால், அது ஈஸ்ட்ரோஜனைத் தின்று வளரும் வகையாகவும் இருந்தால் (பெரியம்மாவுடையது அந்த வகை), சாப்பாடு பக்கத்து வீட்டிலேயே தயாராகிறது. லெட்ரோசோல் பூட்டுவது அந்த அரோமட்டேஸை.

இதைச் சொன்னதும் பெரியம்மா தன் கையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டார். "எங்கிட்ட ஏது தாயி கொழுப்பு?"

அதற்கு வருகிறேன். முன்னால் அந்தக் காவல்காரர் கதை.

1882-இல் இத்தாலியின் மெசினா நகரில் மெட்ச்னிகாஃப் என்ற ரஷ்ய விஞ்ஞானி, கண்ணாடி மாதிரி இருக்கும் நட்சத்திர மீன் குஞ்சின் உடம்பில் முள்ளைக் குத்திப் பார்த்தார். அடுத்த நாள் அந்த முள்ளைச் சுற்றி, அலைந்து திரியும் செல்கள் கூட்டமாக வந்து மொய்த்திருந்தன. அந்நியப் பொருளை விழுங்கிச் சுத்தம் செய்கிற செல்கள். நம் உடம்பிலும் இருக்கின்றன. மேக்ரோஃபேஜ் என்று பெயர், பெருந்தீனிக்காரன் என்று அர்த்தம். இந்த வழியில் செய்த வேலைக்காக 1908-இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

இப்போது கொழுப்புக்கு வாருங்கள். கொழுப்பு செல் ஒரு எண்ணெய்ப் பை மாதிரி. உள்ளே சேரச் சேர ஊதும். அளவுக்கு மீறி ஊதினால் அதற்கு நெருக்கடி வந்து சாகிறது. எண்ணெய் வெளியே வழிகிறது. உடனே தீனிக்காரர்கள் ஓடி வந்து செத்த செல்லைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்துகொள்கிறார்கள். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் தலையில் வைத்த கிரீடம் மாதிரி இருக்குமாம், அதனால் கிரீட அமைப்பு என்றே பெயர் வைத்துவிட்டார்கள். 2005-இல் இத்தாலிய ஆய்வாளர்கள் முன்னின்று வெளியிட்ட ஆய்வில், உடல் பருமன் உள்ள எலிகளிலும் மனிதர்களிலும் கொழுப்பில் இருக்கும் மேக்ரோஃபேஜ்களில் 90 சதவீதத்துக்கு மேல் இப்படிச் செத்த செல்களைச் சுற்றித்தான் இருந்தன என்று கண்டார்கள்.

வந்தவர்கள் சும்மா உட்காருவதில்லை. "இங்கே காயம், ஆள் வேணும்" என்று வேதிப்பொருட்களைக் கசிய விடுகிறார்கள். இதைத்தான் அழற்சி என்கிறோம். அந்தச் சமிக்ஞை பக்கத்தில் இருக்கும் கொழுப்புத் திசுவில் பட்டால் அங்கே அரோமட்டேஸ் கூடுகிறது. அரோமட்டேஸ் கூடினால் ஈஸ்ட்ரோஜன் கூடும். 2011-இல் நியூயார்க்கில் 30 பெண்களின் மார்பகத் திசுவைப் பார்த்தபோது ஏறக்குறைய பாதிப் பேருக்கு இந்தக் கிரீடங்கள் இருந்தன. எடை கூடுதலாக இருந்தவர்களிடம் அதிகமாக இருந்தன.

அதாவது சுத்தம் செய்ய வந்த ஆட்கள், தெரியாமல், கட்டிக்குச் சமையல் செய்து கொடுக்கிறார்கள்.

கட்டி பெரிதாகி நாளத்தைத் தாண்டிக் கொழுப்புக்குள் நுழைந்ததும் (அறிக்கையின் முதல் வரி ஞாபகம் இருக்கிறதா?) இன்னொன்று நடக்கிறது. கட்டிக்கு ஒட்டி இருக்கும் கொழுப்பு செல்கள் எண்ணெயை இழந்து சுருங்குகின்றன. அந்த எண்ணெயைப் புற்றுச் செல்கள் எரிபொருளாக எடுத்துக்கொள்கின்றன. சுருங்கிய கொழுப்பு செல் தன் பங்குக்கு அழற்சிப் பொருட்களை வெளியிடுகிறது. 2011-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் இதைக் காட்டினார்கள்.

அப்படியானால் லிம்போசைட்டுகள்? அவற்றில் டி செல் என்று ஒரு வகை உண்டு, புற்றுச் செல்லை நேராகக் கொல்லக்கூடிய வகை. அந்த இடத்தில் அவை நிற்கத்தான் நிற்கின்றன. ஆனால் 2020-இல் எலிகளின் மார்பகக் கட்டிகளை வைத்துச் செய்த ஆய்வில், கொழுப்பில் இருந்து வரும் லெப்டின் இந்த டி செல்களைச் சர்க்கரைக்குப் பதில் கொழுப்பை எரிக்கும்படி திருப்பிவிடுகிறது, அப்படித் திரும்பியதும் கொல்லும் சக்தி குறைகிறது என்று தெரிந்தது. 2018-இல் வந்த வேறொரு ஆய்வில், பருமன் உள்ளவர்களின் இயற்கைக் கொல்லி செல்கள் உள்ளே கொழுப்பு நிறைந்து, எதிரியைப் பிடித்தும் கொல்ல முடியாமல் நின்றன. காவல்காரர் வாசலில்தான் இருந்திருக்கிறார். கையில் தடி இல்லை.

இதையெல்லாம் படிக்கும்போதுதான் ஒரு தலைப்பு கண்ணில் பட்டது. 1986-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஹெரால்ட் டுவோராக் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். சாரம் இதுதான்: புற்றுக்கட்டி என்பது ஆறாத புண். புண்ணை ஆற்ற உடம்பு என்னென்ன செய்யுமோ, ஆட்களை வரவழைப்பது, புது ரத்தக் குழாய் போடுவது, திசு வளர்ப்பது, அத்தனையையும் கட்டி தனக்காகச் செய்ய வைக்கிறது. புண் ஆறினால் வேலை நின்றுவிடும். கட்டி ஆறாது, அதனால் வேலையும் நிற்காது.

எனக்கு இது சட்டென்று புரிந்ததற்குக் காரணம் இருக்கிறது. பெரியம்மா இருபது வருஷமாக வேலை பார்ப்பது சத்திரப்பட்டியில், பேண்டேஜ் துணிக் கம்பெனியில். ராஜபாளையம் பக்கத்தில் சத்திரப்பட்டி, சமுசிகாபுரம் வட்டாரம் முழுக்கத் தறிகள்தான். காயத்துக்குக் கட்டும் துணி இங்கிருந்து எங்கெங்கோ போகிறது. வெட்டி, மடித்து, கட்டுவது பெரியம்மாவின் வேலை. ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் நர்ஸ் கட்டுப் பிரித்தபோது அவர் புண்ணைப் பார்க்கவில்லை. துணியை விரலால் தடவி, "நம்மூர்த் துணி மாதிரிதான் இருக்கு" என்றார். ஊருக்கெல்லாம் காயத்துக்குத் துணி மடித்தவர் உடம்புக்குள் ஒரு ஆறாத புண்ணை வைத்துக்கொண்டுதான் ஷிப்ட் பார்த்திருக்கிறார். அந்த ஆறு மாதமும்.

சரி, "எங்கிட்ட ஏது கொழுப்பு" என்ற கேள்வி. பெரியம்மா உயரம் 150 செ.மீ., எடை அப்போது 50 கிலோ. பி.எம்.ஐ. போட்டுப் பார்த்தேன், 22.2. எந்த அட்டவணையிலும் பாஸ்.

2004-இல் லான்செட் இதழில் ஒரு போட்டோ வந்தது. புனே டாக்டர் யாஜ்னிக்கும் அவருடைய ஆங்கிலேய நண்பர் டாக்டர் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். இரண்டு பேருக்கும் பி.எம்.ஐ. ஒன்றே, 22.3. ஆனால் உடம்பில் கொழுப்பு ஆங்கிலேயருக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2 சதவீதம்! கை கால் குச்சியாக, தசை கம்மியாக, கொழுப்பு உள்ளே ஒளிந்திருக்கிற உடம்பு நம் ஆட்களுக்கு அதிகம். அதனால்தான் இந்தியர்களுக்கு பி.எம்.ஐ. 23-இலேயே அதிக எடை, 25-இலேயே பருமன் என்று அளவைக் குறைத்து வைத்திருக்கிறார்கள். தராசில் எடை தெரியும், எது எடை என்று தெரியாது. பேலன்ஸ் ஷீட்டில் மொத்தத்தை மட்டும் பார்த்துக் கம்பெனியை நம்புகிற மாதிரிதான்.

2017-இல் அதே நியூயார்க் குழுவினர், பி.எம்.ஐ. சரியாக இருந்த 72 பெண்களின் மார்பகத் திசுவைப் பார்த்தார்கள். 39 சதவீதம் பேருக்குக் கொழுப்பில் அந்தக் கிரீடம் கட்டிய அழற்சி இருந்தது. பார்வைக்கு யாரும் குண்டு இல்லை.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். பெரியம்மாவுக்கு நடந்தது இதுதான் என்று நான் சொல்லவில்லை. அதை யாராலும் சொல்ல முடியாது. வயது, பரம்பரை, ஹார்மோன், அதிர்ஷ்டம் என்று எத்தனையோ சேர்ந்துதான் ஒரு கட்டி. கொழுப்பும் எல்லா வயதிலும் ஒரே மாதிரி நடப்பதில்லை. மாதவிடாய் நிற்கும் முன் எடை கூடியவர்களுக்கு இந்த நோய் கொஞ்சம் குறைவாகவே வருகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன, நின்ற பிறகுதான் கணக்கு தலைகீழாகிறது. ஆகவே யாரையாவது பார்த்து "உடம்பக் குறைச்சிருந்தா வந்திருக்காது" என்று சொல்லாதீர்கள். நம் ஊரில் திமிருக்கும் கொழுப்பு என்றுதான் பெயர். ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு குண்டான அக்காவை அவர் சொந்தக்காரர்களே அந்த வார்த்தையால் பேசியதை நான் காதால் கேட்டேன். அவர் முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

2022-இல் மட்டும் இந்தியாவில் ஏறத்தாழ 1,92,000 பெண்களுக்குப் புதிதாக மார்பகப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டதாகவும், 98,000 பேர் அதனால் இறந்ததாகவும் உலக அளவிலான மதிப்பீடு சொல்கிறது. இதில் எத்தனை பேரிடம் என்னை மாதிரி ஒருத்தி "சும்மா கொழுப்புக் கட்டிதான்" என்று சொன்னாளோ.

கொஞ்சம் நல்ல செய்தியும் இருக்கிறது. மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை 1998-இல் ஒரு ஆய்வு தொடங்கியது. ஒன்றரை லட்சம் பெண்கள். பாதிப் பேருக்கு இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை, பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் கையால் மார்பகப் பரிசோதனை செய்தார்கள். மெஷின் எதுவும் கிடையாது, வெறும் கைதான். முடிவு 2021-இல் வந்தது. 50 வயதும் அதற்கு மேலும் உள்ள பெண்களிடம் மார்பகப் புற்றால் வரும் மரணம் கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைந்திருந்தது. அதைவிட இளையவர்களிடம் அந்த அளவு பலன் தெரியவில்லை. எங்கள் தெருவுக்கு வந்த செவிலியர் அக்கா செய்ததும் அதையேதான்.

எனவே, நான் செய்யாததை நீங்கள் செய்யுங்கள். மார்பில் வருகிற புற்றுக்கட்டி பெரும்பாலும் வலிக்காது. வலிக்கவில்லை என்பது நல்ல சகுனம் இல்லை. நிஜமான கொழுப்புக் கட்டி மெத்தென்று இருக்கும், தள்ளினால் நகரும். பெரியம்மாவுடையது கல் மாதிரி இருந்தது, நகரவில்லை. என் விரலுக்கு அது தெரிந்தது, நான் போனை நம்பினேன். மெத்தென்று இருந்தாலும் நீங்களே முடிவு செய்யாதீர்கள். எந்தக் கட்டியானாலும் அதே வாரம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். அங்கே 30 வயது தாண்டிய பெண்களுக்கு இந்தப் பரிசோதனை இலவசம். உங்கள் அம்மா, பெரியம்மா, அத்தை யாரும் தாமாக வந்து சொல்ல மாட்டார்கள். நீங்கள்தான் கேட்க வேண்டும். பையன்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

2025 புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை பெரியம்மாவோடு மலை ஏறினேன். அந்த மாத்திரையால் மூட்டு வலி உண்டு, நாலு படிக்கு ஒரு தரம் உட்கார்ந்தார். பாதி வழியில், ரொம்ப நாளாகத் தொண்டையில் இருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"பெரியம்மா, அன்னைக்கு நான் சொன்னதாலதான லேட்டாச்சு?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நான் கேக்கணும்னு நெனச்சதைத்தான் நீ சொன்ன. வேற மாதிரிச் சொல்லியிருந்தா உன்ட்ட மறுபடி கேட்டே இருக்க மாட்டேன்."

எழுந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு அடுத்த படியில் கால் வைத்தார். இது மன்னிப்பா இல்லையா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. மேலே போய்ச் சேர்ந்தோம். இறங்கும்போது கட்டைவிரலில் அவருக்கு ஒரு சின்னக் காயம். வீட்டுக்கு வந்து நான்தான் கட்டுப் போட்டுவிட்டேன், சத்திரப்பட்டித் துணியில். நாலே நாளில் ஆறிவிட்டது.